கீமோ எடுக்கும் குழந்தையும் வைரஸ் தொற்றும்: வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகளுக்கு, குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களும் தொற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். இங்கே மருந்தின் பெயரும் அளவும் வருவது, மருத்துவரிடம் நீங்கள் பேசும்போது விஷயம் புரிய வேண்டும் என்பதற்காக. எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

கே: என் மகனுக்கு ஐந்து வயது, எடை 18 கிலோ. ரத்தப் புற்றுநோய்க்கு மெயின்டனன்ஸ் சிகிச்சை (நோய் திரும்பாமல் இருக்க நீண்ட காலம் தருவது) நடக்கிறது. பள்ளியில் அவன் பக்கத்தில் உட்காரும் பையனுக்குச் சின்னம்மை என்று நேற்று சொன்னார்கள். இவன் நன்றாக விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான். கொப்புளம் ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால் போதுமா?

ப: போதாது. இதைப் படித்த கையோடு உங்கள் சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். சின்னம்மையைத் தடுக்கும் மருந்துகள் எல்லாமே கொப்புளம் வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டியவை. நன்றாக விளையாடுகிறான் என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது. வைரஸ் உள்ளே போனபின் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் பிடிக்கும்.

போன் செய்யுமுன் இரண்டு தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு முதல் கொப்புளம் எந்த நாளில் தெரிந்தது? உங்கள் மகன் கடைசியாக அவனோடு இருந்தது எந்த நாள்? கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை பரவும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவிக்கொண்டே இருக்கும். அவனுக்குப் புதன்கிழமை கொப்புளம் வந்தது, இருவரும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள் என்றால் அது தொடர்புதான். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே பல மருத்துவமனைகள் அதைத் தொடர்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நேருக்கு நேர் பேசியதும் ஒரே வீட்டில் தங்கியதும் அப்படியே.

இனி மருந்து. சின்னம்மைக்கென்றே தயாரிக்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசி (தானம் கொடுத்தவர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம்) ஒன்று உண்டு. எடையில் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 125 யூனிட், அதிகபட்சம் 625 யூனிட். மீதி எடையையும் முழுப் பத்தாகக் கணக்கிடுவதால் 18 கிலோ குழந்தைக்கு 250 யூனிட் வரும். 96 மணி நேரத்துக்குள் போட்டால் நல்ல பலன் தரும். தாமதமானாலும் பத்தாம் நாள் வரை போடலாம். இந்த ஊசி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் சாதாரண இம்யூனோகுளோபுலினை கிலோவுக்கு 400 மில்லிகிராம் கணக்கில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதுவும் முடியாவிட்டால் வாய்வழி அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. இதைத் தொடர்பு ஏற்பட்ட அன்றே தொடங்குவதில்லை. வைரஸ் உடலுக்குள் இரண்டாம் சுற்றுப் பெருகும் நேரம் பார்த்து, ஏழாம் நாளிலிருந்து ஒரு வாரம் கொடுப்பார்கள். மூன்றில் எது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். இதில் உங்கள் வேலை, முடிவெடுக்க அவருக்கு நேரம் மிச்சமிருக்கும்போதே சொல்லிவிடுவது.

"ரத்தத்தில் சின்னம்மை ஆன்டிபாடி இருக்கிறதே, அவனுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டுதானே" என்று சிலர் கேட்பார்கள். குழந்தைக்கு அண்மையில் ரத்தமோ தட்டணுவோ (ரத்தம் உறைய உதவும் அணு) இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால், பரிசோதனையில் தெரியும் ஆன்டிபாடி தானம் கொடுத்தவருடையதாக இருக்கலாம். நோய் கண்டுபிடித்தவுடன், முதல் ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த பரிசோதனைதான் நம்பத்தக்கது. அந்தத் தாள் கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது பலர் மறந்துவிடும் விஷயம். தொடர்பு ஏற்பட்ட எட்டாம் நாள் முதல் 21ஆம் நாள் வரை உங்கள் மகனே பிறருக்குப் பரப்பக்கூடும். இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28ஆம் நாள் வரை. அந்த நாட்களில் கீமோவுக்கு வந்தால் பொதுவான காத்திருப்பு அறையில் உட்கார வைக்காதீர்கள். முன்கூட்டியே போன் செய்தால் தனி அறைக்கு நேராக அழைத்துக்கொள்வார்கள். அங்கே காத்திருக்கும் குழந்தைகள் அத்தனை பேரும் உங்கள் மகனைப் போன்றவர்கள்தானே.

இத்தனையும் செய்தும் அம்மை வரலாம். பெரும்பாலும் லேசாக வரும். ஆனால் ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அசைக்ளோவிரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் எடுத்து, நரம்பு வழியாக ஏற்றுவார்கள். வேகமாக ஏற்றினாலோ உடலில் நீர் குறைந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடும். ஆகவே சலைனும் கூடவே ஓடும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். கீமோவைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள். குழந்தை ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் ஆபத்து அதிகம்.

ஓர் எச்சரிக்கை. சில குழந்தைகளுக்குக் கொப்புளம் வருவதற்கு முன்பே கடுமையான வயிற்றுவலியோ முதுகுவலியோ வரும். வைரஸ் கல்லீரலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் தாக்கிவிட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம். தொடர்பு ஏற்பட்ட மூன்று நான்கு வாரத்துக்குள் இப்படி வலி வந்தால், அங்கே இருக்கும் மருத்துவரிடம் "சின்னம்மைத் தொடர்பு இருந்தது" என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் குடல்வால் அழற்சியைத் தேடிக்கொண்டிருப்பார், நேரம் போய்விடும்.

கே: வீட்டில் எல்லோருக்கும் சளி, காய்ச்சல். கீமோ எடுக்கும் மகளுக்கும் இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தானே என்று பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாமா?

ப: கூடாது. வைரஸாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நியூட்ரோஃபில் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணு) குறைந்த குழந்தைக்குப் பாக்டீரியா ரத்தத்தில் கலந்திருந்தாலும் வெளியே தெரிவது அதே காய்ச்சல் மட்டும்தான். சீழ் பிடிக்காது, புண் சிவக்காது, மார்பு எக்ஸ்ரேயில்கூட நிழல் விழாமல் போகலாம். இவற்றையெல்லாம் உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். மூக்கில் எடுத்த பரிசோதனையில் வைரஸ் உறுதியானால்கூட, கூடவே பாக்டீரியா இல்லை என்று சொல்ல முடியாது.

பல மருத்துவமனைகள் வைத்திருக்கும் அளவு: ஒருமுறை பார்த்து 38.3 டிகிரி செல்சியஸ் (101 டிகிரி ஃபாரன்ஹீட்), அல்லது 38 டிகிரி (100.4) ஒரு மணி நேரம் நீடித்தால். உங்கள் மருத்துவமனை வேறு எண்ணைச் சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்குச் சட்டம். அக்குளிலோ காதிலோ பாருங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு போன் செய்யுங்கள். அவர்கள் சொல்லும்வரை பாரசிட்டமால் வேண்டாம், அது காய்ச்சலை மறைத்துவிடும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் அறவே கூடாது. தட்டணு குறைந்திருக்கும்போது ரத்தம் கசிய வைப்பவை அவை.

அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் சொல்ல வேண்டியது: "கீமோ எடுக்கும் குழந்தை, காய்ச்சல், கடைசிக் கீமோ இந்தத் தேதியில், சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் வைத்திருக்கும் குழாய்) இருக்கிறது." வந்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏறியாக வேண்டும் என்பதே நல்ல மையங்களின் இலக்கு. பல கீமோக்களில் அணுக்கள் மிகக் கீழே போவது 7 முதல் 14 நாளுக்குள். அந்த வாரத்தில் பையைத் தயாராகக் கட்டி வைத்திருங்கள்.

இன்னொன்று. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் காய்ச்சலே இல்லாமலும் கடுமையான தொற்று இருக்கலாம். குழந்தை துவண்டு கிடந்தால், கை கால் சில்லிட்டிருந்தால், லைனைச் சலைன் விட்டுச் சுத்தம் செய்த சற்று நேரத்தில் உடல் நடுங்கினால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

கே: ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 1,800 இருக்கிறது, "கவுண்ட் நன்றாக இருக்கிறது" என்றார்கள். அப்படியானால் இனி தொற்றுப் பயம் இல்லைதானே?

ப: பாக்டீரியா பயம் குறைந்திருக்கிறது. வைரஸ் பயம் அவ்வளவு குறையவில்லை. பெற்றோர் பலர் தடுமாறும் இடம் இதுதான்.

ஏ.என்.சி. என்று சொல்வது நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை. மொத்த வெள்ளணு 1,200, அதில் நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 360. ஐந்நூறுக்குக் கீழே போனால் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்து விளையாடும். வைரஸை அடக்குவது வேறு அணு, லிம்ஃபோசைட். ஸ்டீராய்டும் நாள்தோறும் தரும் மெர்காப்டோப்யூரின் என்ற கீமோ மருந்தும் அதைக் குறைத்தே வைத்திருக்கும். மெயின்டனன்ஸ் காலத்தில் நியூட்ரோஃபில் நன்றாக இருக்கும்போதே லிம்ஃபோசைட் குறைவாக இருப்பது வழக்கம். சிகிச்சை முடிந்தபிறகும் அது மீண்டு வர மாதக்கணக்கில் ஆகும். அடுத்த முறை ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் எண்ணிக்கையையும் கேளுங்கள்.

கவுண்ட் நன்றாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், வெளியே அழைத்துப் போகலாம். குழந்தையை நான்கு சுவருக்குள் பூட்டி வைக்க வேண்டாம். சளியோடு இருப்பவர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றே தகவல் வர வேண்டும் என்று ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

கே: மூத்தவளுக்கு கீமோ நடக்கிறது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நேரம். வீட்டில் நோயாளி இருக்கும்போது உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசி போடக் கூடாது என்கிறார்கள். நிறுத்தி வைக்கட்டுமா?

ப: நிறுத்தாதீர்கள். தம்பி தங்கைக்குப் போடும் ஊசி உங்கள் மூத்த மகளையும் சேர்த்துத்தான் காக்கிறது. தட்டம்மை – பொன்னுக்குவீங்கி – ருபெல்லா ஊசியில் உள்ள வைரஸ் பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுவதில்லை, தயங்காமல் போடலாம். சின்னம்மை ஊசியும் போட வேண்டும். போட்டபின் கைக்குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் மட்டும் அவை காயும்வரை இருவரையும் பிரித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டும் தரலாம். அடுத்த நான்கு வாரம் டயப்பர் மாற்றிய கையைச் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும், மூத்தவள் அந்த வேலைக்கு வரக் கூடாது.

விலக்கு ஒன்றுதான்: வாய்வழி போலியோ சொட்டு. அந்த வைரஸ் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும். கைக்குழந்தைக்குப் போலியோ ஊசியாகப் போடும்படி கேளுங்கள்.

மூத்தவளுக்குச் சிகிச்சை முடியும்வரை உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் கூடாது. தட்டம்மை, சின்னம்மை, போலியோ சொட்டு, ரோட்டா, பி.சி.ஜி., மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ மருந்து எல்லாம் இதில் அடக்கம். ஃப்ளூ ஊசி செயலிழக்கச் செய்த வைரஸ், அதை ஆண்டுதோறும் போடலாம். ஒன்பது வயதுக்கு உட்பட்டு முதன்முறை போடுவதென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. கீமோ நடக்கும்போது ஊசிக்கு உடல் அரைகுறையாகத்தான் ஈடுகொடுக்கும். அதனால் வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது முக்கியம்.

தட்டம்மையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். நோயாளி வெளியேறி இரண்டு மணி நேரம் ஆன அறைக்குள் போனாலும் அது தொற்றும். உங்கள் மகள் முன்பு ஊசி போட்டவளாக இருந்தாலும், தொடர்பு ஏற்பட்டால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டிவரும். இந்தக் குழந்தைகளுக்குத் தடிப்பே வராமல் நேராக நிமோனியாவாகவோ, பல வாரம் கழித்து மூளை அழற்சியாகவோ தட்டம்மை வெளிப்படலாம். வந்தபின் குணப்படுத்த உறுதியான மருந்து இல்லாத நோய் இது.

கே: மகனுக்குச் சளி போய் நாளாகிறது. மூன்று வாரம் கழித்தும் பி.சி.ஆர். பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் இருக்கிறது என்று வருகிறது. கீமோவைத் தள்ளிப்போட்டு விட்டார்கள். புற்றுநோய் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ப: பி.சி.ஆர். காட்டுவது வைரஸின் மரபுப் பொருளை. அது உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லிம்ஃபோசைட் குறைந்த குழந்தை, நன்றாக இருக்கும்போதே பல வாரம் உண்மையாகவே வைரஸை வெளியேற்றிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே பாசிட்டிவ் என்பது மட்டும் கீமோவை நிறுத்தக் காரணமாகாது. நெகட்டிவ் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மருத்துவர்கள் பார்ப்பது மூன்று: தொற்று மூக்கு தொண்டையோடு நிற்கிறதா அல்லது நுரையீரலுக்கு இறங்கிவிட்டதா, லிம்ஃபோசைட் எவ்வளவு, அடுத்துத் தரவேண்டிய கீமோ எவ்வளவு கடுமையானது. நோய் தணியாத முதல் கட்டத்தில் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து. மெயின்டனன்ஸில் சில நாள் இடைவெளியைக் குழந்தை தாங்கும். எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் தள்ளுகிறார்கள் என்று நேரடியாகவே கேளுங்கள், சொல்வார்கள்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. விலா எலும்புக்கிடையே தோல் உள்ளிழுத்தாலும் உடனே கிளம்புங்கள். ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசெல்டாமிவிர் தொடங்குவது வழக்கம். முதல் 48 மணி நேரத்தில் பலன் அதிகம், ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு அது கடந்தாலும் கொடுப்பார்கள்.

கே: மெயின்டனன்ஸில் இருக்கும் மகளுக்கு ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது. ரத்தம் ஏற்றினாலும் நிற்கவில்லை. நோய் திரும்பியதா?

ப: அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்வோவைரஸ் பி19 என்ற ஒன்று இதே நாடகத்தை ஆடும். சிவப்பணு உருவாகும் செல்லுக்குள்ளேயே அது புகுந்து அழிக்கிறது. மற்ற குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து சில நாளில் சரியாகிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தடிப்பு இல்லாமல் ரத்தசோகை மட்டும் நீடிக்கும். ரெடிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யமாக இருப்பது ஒரு துப்பு. ஆன்டிபாடி பரிசோதனை இங்கே ஏமாற்றும், ரத்தத்தில் பி.சி.ஆர். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் பலர் தேறிவிடுகிறார்கள்.

கே: கீமோ தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை எதற்கு? குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றே.

ப: ஊசி போட்டவர்களிலும் சிலருக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்காது. மேலும், இந்த வைரஸ் கல்லீரலில் சத்தமில்லாமல் தங்கியிருந்து, கீமோ எதிர்ப்பை அடக்கியதும் பெருகத் தொடங்கும். ஸ்டீராய்டும், ஆன்டிபாடி உருவாக்கும் பி-செல்களை அழிக்கும் ரிடக்சிமாபும் கொடுக்கும்போது இது கூடுதல். அதனால் மேற்பரப்பு ஆன்டிஜெனோடு (இப்போது தொற்று இருப்பதைக் காட்டுவது) கோர் ஆன்டிபாடியையும் (முன்பு தொற்று வந்திருந்தாலும் காட்டுவது) பார்க்க வேண்டும். முதலாவது மட்டும் நெகட்டிவ் என்றால் போதாது. பாசிட்டிவ் வந்தாலும் புற்றுநோய்ச் சிகிச்சை நிற்காது. வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைக் கூடவே தருவார்கள். கீமோ முடிந்தபிறகும் குறைந்தது 6 முதல் 12 மாதம் அது தொடரும். "கீமோதான் முடிந்துவிட்டதே" என்று பெற்றோரே மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும் அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழற்சி கடுமையாகக் கிளம்பும்.

கே: வாய் முழுக்கப் புண். கீமோவால் வந்தது என்கிறார்கள். வைரஸாகவும் இருக்குமா?

ப: இருக்கலாம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் புண் பார்வைக்குக் கீமோ புண் போலவே இருக்கும். கவுண்ட் ஏறியும் ஆறாத புண், உதட்டு ஓரத்துக் கொப்புளம் இவை இருந்தால் புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அசைக்ளோவிருக்கு நன்றாகக் கட்டுப்படும். உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால் அது அக்கி. அதற்கும் அன்றே மருத்துவமனை.

கே: வீட்டில் ஒருவருக்கு வாந்தி, பேதி. எல்லோர் கையிலும் சானிடைசர் போடுகிறோம். போதுமா?

ப: நோரோவைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், குறைந்தது 20 விநாடி. வாந்தி விழுந்த இடத்தை முதலில் கையுறையோடு துடைத்து எடுங்கள். அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. 5 சதவீத ப்ளீச் திரவம் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுப் பிறகு கழுவுங்கள். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். ஆசிட் வகைக் கழிப்பறைத் திரவத்தோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், சேர்க்கவே கூடாது. முடிந்தால் குழந்தைக்குத் தனிக் கழிப்பறை. குழந்தைக்கே பேதி வந்துவிட்டால், மீத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் ஏற்றும் தேதி நெருங்குகிறதா என்று பாருங்கள். உடலில் நீர் வற்றியிருந்தால் அந்த மருந்து வெளியேறாமல் தங்கிப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

கே: எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் வாரம் ஒருமுறை சி.எம்.வி. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். தடுப்பூசியெல்லாம் எப்போது திரும்பப் போடுவது?

ப: சி.எம்.வி. (சைட்டோமெகலோவைரஸ்) வெளியிலிருந்து வருவதைவிட உள்ளே உறங்கிக் கிடந்து எழுவதே அதிகம். ரத்தத்தில் அளவு ஏறத் தொடங்கியதும், நோயாக மாறுவதற்கு முன்பே மருந்து தர வேண்டும் என்பதற்குத்தான் வாராந்தரப் பரிசோதனை. வழக்கமாக முதல் 100 நாள், எதிர்ப்பை அடக்கும் மருந்து தொடர்ந்தால் அதற்கு மேலும். இதற்கான மருந்துகளில் கான்சிக்ளோவிர் கொடுத்தால் நியூட்ரோஃபில் குறையும். ஃபாஸ்கார்னெட் கொடுத்தால் சிறுநீரகத்தையும் கால்சியம், மக்னீசியம் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் அந்த ஒரு வாரத்திலேயே அளவு பல மடங்கு ஏறிவிடலாம். சிறுநீரில் ரத்தம் வந்தால் பி.கே. வைரஸ் அல்லது அடினோவைரஸ், கழுத்தில் கட்டியும் விடாத காய்ச்சலும் என்றால் ஈ.பி.வி. (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) என்று யோசிப்பார்கள். இரண்டுக்கும் காத்திருக்காதீர்கள்.

மாற்று சிகிச்சைக்குப்பின் பழைய தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் அழிந்துபோகும். முதலிலிருந்து போட வேண்டும். செயலிழந்த வகை ஊசிகள் 6 முதல் 12 மாதத்தில் தொடங்கும். உயிருள்ள வகைக்கு 24 மாதம் ஆகியிருக்க வேண்டும், தானமாக வந்த அணுக்கள் குழந்தையின் உடலையே தாக்கும் ஜி.வி.ஹெச்.டி. இருக்கக் கூடாது, எதிர்ப்பை அடக்கும் மருந்தும் நின்றிருக்க வேண்டும். மாற்று சிகிச்சை இல்லாமல் கீமோ மட்டும் முடித்த குழந்தைகளுக்கு 3 முதல் 6 மாதம் கழித்துத் தொடங்கலாம். ரிடக்சிமாப் பெற்றவர்களுக்குக் குறைந்தது 6 மாதம். கிலோவுக்கு 400 மில்லிகிராம் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால் தட்டம்மை, சின்னம்மை ஊசிக்கு 8 மாத இடைவெளி வேண்டும். ஏற்றப்பட்ட ஆன்டிபாடி ஊசியின் வைரஸையும் சேர்த்துச் செயலிழக்கச் செய்துவிடும். எனவே கடைசியாக இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஊசி போடும் இடத்தில் அதைக் கேட்க மறந்தாலும் அட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.